கண்ணுல படாத டப்பா

பெட்டிய மேல வைக்கச் சொல்லாதீங்க தம்பி. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதுன்னா நான் இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன். சின்னமனூர்ல ஏறும்போதே கண்டக்டர் லக்கேஜ் போடணுமான்னு கேட்டாரு. மடியில இருக்கிறதுக்கு என்னய்யா லக்கேஜுன்னு சத்தம் போட்டுட்டேன். பாவம், அவர் மேல என்ன தப்பு? யார் மேலயோ இருக்கிற கோவம் அவர் மேல விழுந்துருச்சு.

மதுரைக்கா? நானும் ஆரப்பாளையம்தான். நீங்க கம்ப்யூட்டர் வேலையில இருக்கீங்களா? அந்தத் தோள்பையப் பாத்ததுமே நெனச்சேன். அதான் பின்னால மூணு சீட்டு காலியா இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நல்லதாப் போச்சு. நடந்தத நடந்தபடி சொல்றேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

என் பேரு சுருளிவேல். சின்னமனூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். தோட்டத்து மோட்டாரு, போர் மோட்டாரு, மாவுமில்லு மோட்டாரு, எது எரிஞ்சாலும் எங்கிட்டதான் வரும். இருபத்திரெண்டு வருசம். பிரிக்கக்கூட வேணாம், மோந்து பாத்தே சொல்லிருவேன் எதுனால எரிஞ்சுச்சுன்னு. கரண்டு விசயத்துல என்னைய யாரும் ஏமாத்த முடியாது. இத மனசுல வச்சுக்கங்க.

எனக்கு ஒரே தங்கச்சி, பேச்சியம்மா. அவளுக்கு ஒரே மக, பவதாரணி. பவான்னு கூப்பிடுவோம். வைகாசியில அவளுக்குக் கல்யாணம். மாப்ள மதுரைக்காரரு, பேங்க்ல வேலை, தங்கமான மனுசன். எங்க பக்கம் கல்யாணம்னா தாய்மாமன் சீர்தான் முதல்ல மண்டபத்துக்குள்ள போகணும். மேளம் முன்னால, நாங்க பின்னால. தட்டுல என்ன இருக்குன்னு ஊரே எட்டிப் பாக்கும். பத்து வருசம் கழிச்சும் பேசும்.

இந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? பீரோ வேணாம், கட்டில் வேணாம், கிரைண்டர் வேணாம். சொந்தக்காரங்க எல்லாரும் சேந்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்கங்குது. விளையாடுறதுக்கு! என் தங்கச்சி தலையில கைய வச்சு உக்காந்துட்டா.

சும்மா விளையாட்டு இல்ல, அதையும் சொல்லிறணும். அஞ்சு பேரு சேந்து ஒரு டீமு. ஆளுக்கு ஒரு ஊரு, அவங்கவங்க வீட்டுலயே உக்காந்து விளையாடுறது. ஆடி மாசம் ஒரு பெரிய போட்டி. அதுல ஜெயிச்சா பெங்களூர்ல ஒரு கம்பெனி அஞ்சு பேரையும் மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கிருமாம். இவகிட்ட இருந்த பழைய லேப்டாப் திக்கித் திக்கி ஓடும், அத வச்சுக்கிட்டே இம்புட்டுத் தூரம் வந்துட்டா. விளையாடுறதுக்கு எவன்யா சம்பளம் குடுப்பான்னு நான் சிரிச்சேன். மாப்ள சிரிக்கல. "அவளுக்கு அது நல்லா வரும்"னாரு.

சரி, ஆசைப்படுது, வாங்கிக் குடுப்போம்னு பாத்தா அதுவும் லேசுல முடியல. டிவி வாங்குற மாதிரி கடையில போயி ஒரே பொருளா வாங்குனா முடிஞ்சு போச்சு. அப்பிடி வாங்கக்கூடாதாம். ஒவ்வொண்ணாத் தேடி எடுத்து, ஒண்ணுக்கு ஒண்ணு தோதாப் பாத்து, நாமளே கோக்கணுமாம். அதுக்கு ஒரு மாசம் உக்காந்து கணக்குப் போட்டு ஏழு துண்டுச்சீட்டு எழுதுனா. ஏழு சொந்தக்காரங்களுக்கு ஏழு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் பொருள் பேரு, நம்பரு, எல்லாம் அச்சடிச்ச மாதிரி. "எழுதுனத அப்பிடியே வாங்குங்க. பெருசாவும் வேணாம், சிறுசாவும் வேணாம். ஒருத்தர் மாத்துனாலும் மத்த ஆறும் கெட்டுப்போகும்"னு வீடு வீடாப் போயி படிச்சுப் படிச்சுச் சொன்னா.

அத்தைக்கு மானிட்டரு. பெரியம்மா மகனுக்குக் கண்ணாடி வச்ச கேபினெட்டு. என் மச்சானோட தம்பி ஜெயபாண்டி, பவாவுக்குச் சித்தப்பன், அவனுக்கு கிராஃபிக்ஸ் கார்டு. அந்தக் கம்ப்யூட்டர்லயே ராசா அதுதான் தம்பி, உங்களுக்குத் தெரியாததா. ஃபேன் சுத்தும், லைட்டு எரியும், படமெல்லாம் அதுலதான் வருதாம். எனக்கு? தாய்மாமனுக்கு? பவர் சப்ளை! கறுப்பா ஒரு தகர டப்பா. வீட்டுக் கரண்ட வாங்கி மத்ததுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்குற வேலை, அம்புட்டுதான். கண்ணாடி வழியா எல்லாம் தெரியுமாம், இது மட்டும் அடியில ஒரு மூடிக்குள்ள போயிருமாம், கண்ணுலயே படாதாம்.

எண்ணூத்தம்பது வாட்டு. சீட்ட என் உள்ளங்கையில வச்சு, ரெண்டு கையாலயும் மூடிட்டுச் சொன்னா. "மாமா, இத வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். இது சொதப்புனா எல்லாமே போச்சு. கரண்டு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்." மாமனுக்கு வருத்தம் வந்துறக்கூடாதுன்னு பிள்ளை ஐஸ் வைக்குதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். பின்ன வேற எப்பிடி எடுத்துக்கிறது? சித்தப்பன் கார்ட ஏந்திக்கிட்டு வருவான், தாய்மாமன் தகர டப்பாவோட நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

மதுரைக்குப் போனேன். சீட்ட நீட்டுனதும் கடைக்காரரு அந்த டப்பாவ எடுத்து வச்சாரு. நல்ல கனம். அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல. தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போனா இது என்ன சாமான்னு ஊரு கேக்கும், நான் நின்னு நின்னு விளக்கம் சொல்லணும். மேல் தட்டுல ஒரு கார்டு இருந்துச்சு தம்பி. மூணு ஃபேனு. என் முழங்கை நீளம். கலர் கலரா லைட்டு ஓடுது. "இருக்கிறதுலயே பெருசு இதுதாண்ணே"ன்னாரு. ஜெயபாண்டிக்கு எழுதுன கார்டையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். ரெண்டே ஃபேனு. என் மனசு அந்த எடத்துலயே முடிவாயிருச்சு.

அதுக்காக பவர் சப்ளைய விட்டுறல. பிள்ளை கேட்டதாச்சே. சின்னதா ஒண்ணு எடுத்துக்கிட்டேன், ஐநூறு வாட்டுன்னு போட்டிருந்துச்சு. மூடிக்குள்ள கிடக்கப் போறத யாரு பாக்கப் போறா? கடைக்காரரு தலையச் சொறிஞ்சாரு. "அண்ணே, இந்தக் கார்டு இழுக்கிற இழுப்புக்கு இந்த டப்பா தாங்காதுண்ணே. சீட்டுல எழுதுனதையே வாங்கிக்கங்க"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "யோவ், இருபத்திரெண்டு வருசமா மோட்டார் கட்டுறவன் நான். எனக்கே கரண்டு சொல்லித் தர்றியா?"ன்னேன். மனுசன் பில்லப் போட்டுட்டாரு.

ஊருக்கு வந்ததும் நேரா பாத்திரக்கடை. எங்க பக்கம் பேரு வெட்டாம சீர்ச்சாமான் எடுக்க மாட்டோம். குடம்னாலும் பேரு, கரண்டின்னாலும் பேரு. இந்தக் கார்டுக்கு முதுகுல வழவழன்னு நல்ல தகடு. வெட்டுறவரு மிசினக் கையில வச்சுக்கிட்டு கார்டப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. "அண்ணே, இதுலயெல்லாம் வெட்டலாமா?" "தகடுதான்யா, வெட்டு." டர்ருன்னு வெட்டுனாரு. தாய்மாமன் சுருளிவேல், சின்னமனூர். கீழ தேதி.

கல்யாணத்தன்னிக்குப் பாக்கணுமே! தாம்பாளத்துல பட்டு விரிச்சு, நடுவுல கார்டு, சுத்தி மல்லிகைப்பூ. மேளக்காரங்க தூள் கிளப்புறாய்ங்க. பொம்பளைங்க எல்லாம் இது என்ன நகைப்பெட்டியான்னு கேக்குறாங்க. எனக்குப் பின்னால ஜெயபாண்டி. அவன் தட்டுலயும் ஒரு கார்டு. சீட்டுல எழுதுன அதே கார்டு, அதே நம்பரு. எழுதிக் குடுத்தத எழுதிக் குடுத்தபடி வாங்கிட்டு வந்து நிக்கிறான், சொந்தமா ஒரு யோசனை வேணாம்? ஒரே வீட்டுக்கு ரெண்டு கார்டு. ஊரு முன்னால எனக்கு எப்பிடி இருக்கும்?

மணவறை ஓரமாப் போயி பவா பக்கத்துல நின்னேன். "மாமா, பவர் சப்ளை?"ன்னு கேட்டா. பிள்ளைக்கு அந்த நேரத்துலயும் ஞாபகம் பாருங்க. எடுத்துக் காமிச்சேன். மாலையும் கழுத்துமா இருந்துக்கிட்டு அந்த டப்பாவத் திருப்பித் திருப்பிப் படிச்சா. "சரி மாமா"ன்னா. கண்ணு கலங்கிருச்சு. தாய்மாமன் இம்புட்டுச் செஞ்சா கலங்காதா?

ஒரு வாரம் கழிச்சு மதுரையில அவ வீட்டுல வச்சுக் கோத்தாங்க. நானும் போனேன். போகலைன்னா ஜெயபாண்டி கார்ட மாட்டிருப்பாங்க. மாட்டத்தான் பாத்தா. "மாமா, இப்போதைக்கு சித்தப்பா கார்ட மாட்டுறேன், உங்களதப் பத்திரமா வச்சுக்கிறேன்"னு மெதுவா ஆரம்பிச்சா. துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சேன், அம்புட்டுதான். பேச்சியம்மா அடுப்படியில இருந்து ஓடிவந்து, "அண்ணன் முகம் கோணக்கூடாதுடி, அதையே மாட்டு"ன்னுட்டா. நான் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல தம்பி. இதையும் மனசுல வச்சுக்கங்க.

கார்டு உள்ள போகல. ரெண்டு விரக்கடை நீளம் அதிகம். உள்ள ஒரு தகரத் தடுப்பு மறிக்குது. ஆக்சா பிளேடு வாங்கியாரச் சொல்லி அறுத்துவிட்டேன். அப்புறம் பாத்தா கார்டுக்குக் கரண்டு போக மூணு வாய் இருக்கு, என் டப்பாவுல இருந்து வர்ற வயரு ஒண்ணே ஒண்ணு. "வேணாம் மாமா"ன்னா பவா. "நீ தள்ளு"ன்னு சொல்லிட்டு, ஒண்ண மூணாப் பிரிக்கிற சேர்ப்பு வயரு விக்கிறாய்ங்கல்ல, அத வாங்கிட்டு வந்து மாட்டுனேன். சுவிட்ச்சப் போட்டா, ஆத்தாடி, வீடே திருவிழா மாதிரி எரியுது. அக்கம்பக்கத்து வீட்டுல இருந்தெல்லாம் வந்து பாத்தாங்க. ஒரே குறை, மாட்டுனதும் பேரு வெட்டுன பக்கம் மேல போயிருச்சு. கேபினெட்டு மேல கவுந்து பாத்தாத்தான் தெரியும்.

இது ஆண்டிபட்டியா? ஆமா. இந்த ஊருக்காரர் ஒருத்தர் ஆனி மாசம் மோட்டாரத் தூக்கிட்டு எங்கடைக்கு வந்தாரு தம்பி. இங்க இல்லாத கடையா? என் கைராசிக்கு வர்றாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஏழரை ஹெச்.பி. போட்டுட்டானாம், இவரு பத்து ஹெச்.பி. வாங்கி இறக்கிட்டாரு. வயரு பழைய வயரு. ஸ்டார்ட்டரு பழைய ஸ்டார்ட்டரு. மூணு நாளு ஓடுச்சு, நாலாம் நாளு புகை. "யோவ், ஊரு பாக்கணும்னு மோட்டாரு போடுவியா, லைன் தாங்குமான்னு பாக்க மாட்டியா?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். கடையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. அந்தாளு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. இப்பிடித்தான், ஜனங்களுக்குக் கரண்டுன்னா விளையாட்டாப் போச்சு. சரி, நம்ம கதைக்கு வருவோம்.

போட்டி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. செல்லுலயே பாக்கலாம்னு மாப்ள லிங்க் அனுப்பி வச்சாரு. கடையில உக்காந்து பாத்தேன். எனக்கு என்ன புரியும்? ஓடுறாய்ங்க, சுடுறாய்ங்க. ஓரத்துல அஞ்சு பேரு வரிசையா எழுதியிருந்துச்சு, அதுல பவா பேரு மட்டும் தெரிஞ்சுச்சு. கால்மணி நேரம் நல்லாப் போச்சு. வர்ணனை பண்றவன் நாலு தடவை அவ பேரச் சொன்னான். பக்கத்துல நின்னவங்ககிட்ட, "நம்ம கார்டுதான்"னேன். சொல்லி வாய மூடல, அவ பேரு கறுத்துப் போச்சு. என்னடான்னு பாத்தா, ஆளக் காணோம். கொஞ்ச நேரத்துல வந்தா. மறுபடி கறுத்துச்சு. மறுபடி வந்தா. மூணாவது தடவை வரல.

அங்க வீட்டுல டமார்னு ஒரு சத்தமாம். புகையாம். மாப்ள சொன்னாரு.

நாலு பேரா நின்னு அஞ்சு பேர எப்பிடி ஜெயிப்பாங்க? கம்பெனி வேற டீம எடுத்துக்கிருச்சு. போனாப் போகுது, அடுத்த தடவை பாத்துக்கலாம்ல மாப்ளன்னேன். "இந்த வருசம் வேற போட்டி இல்ல"ன்னாரு. அப்புறம், "அந்த நாலு பேரும் இவளுக்குப் பதிலா வேற ஆளு தேடுறாங்க"ன்னாரு. அப்புறம் பேசுறேன் மாப்ளன்னு போன வச்சுட்டேன்.

கடைக்காரருக்குப் போனப் போட்டு ஏறுனேன். என்னய்யா டப்பா குடுத்தன்னு. மனுசன் நிதானமாச் சொல்றாரு: "அண்ணே, கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளே உங்க பிள்ளை அந்தப் பெரிய கார்ட எடுத்துக்கிட்டு இங்க வந்துச்சு. கல்யாணம் முடிஞ்ச கை, தனியா வாங்கக் காசு இல்ல, இத எடுத்துக்கிட்டு எண்ணூத்தம்பது வாட்டு டப்பா குடுங்கன்னு கேட்டுச்சு. முதுகுல பேரு வெட்டி வச்சிருக்கு, நான் அத யாருக்குண்ணே விக்கிறது? முடியாதுன்னேன். கார்டத் திரும்பப் பையில வச்சு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு." எனக்கு எப்பிடி இருக்கும் தம்பி? தாய்மாமன் சீரக் கொண்டுபோயி கடையில மாத்தப் பாத்திருக்கா. எனக்குத் தெரியாம! இத யார்கிட்ட சொல்லி அழுறது?

அதுக்கப்புறம் பத்து நாளு பவாகிட்ட இருந்து போனே இல்ல. நாலு வார்த்தை கோவமாப் பேசிருந்தா நானும் நாலு வார்த்தை பேசிருப்பேன், அன்னிக்கே சரியாப் போயிருக்கும். பேசாம இருந்தா என்ன பண்றது?

முந்தாநாள் பார்சல் வந்துச்சு. மதுரையில இருந்து. அனுப்புனது பவா. கையில வாங்குனதுமே சீரத் திருப்பி அனுப்பிட்டாளேன்னு நெனச்சேன். எங்க பக்கம் தாய்மாமன் சீரு திரும்பி வந்துச்சுன்னா உறவு அறுந்துச்சுன்னு அர்த்தம். நல்லது கெட்டதுக்குக்கூட கூப்பிட மாட்டாங்க. பேச்சியம்மாவுக்குப் போனப் போட்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன். அவ ஒரே அழுகை. பார்சல நான் பிரிக்கல. ஒரு நாளு பூரா மூலையில கிடந்துச்சு. நேத்துக் காலையில என் வீட்டுக்காரி செல்லத்தாய்தான், இப்பிடியே பாத்துக்கிட்டிருந்தா ஆச்சான்னு கத்திய எடுத்துப் பிரிச்சா.

உள்ள கார்டு இல்ல தம்பி. அந்தச் சின்ன டப்பா. ஐநூறு. கூட ஒரு துண்டுச்சீட்டு, அதே அச்சடிச்ச மாதிரி எழுத்து. "மாமா, உங்க கார்டுக்கு ஒண்ணும் ஆகல. எரிஞ்சது இது. எதுனால எரிஞ்சுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு கரண்டு தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

நக்கல் பண்றாளோன்னு ரெண்டு மூணு தடவை வாசிச்சேன். நக்கல் இல்ல. அது அப்பிடிப்பட்ட பிள்ளையும் இல்ல.

டப்பாவத் தூக்கி மோந்து பாத்தேன். பிரிக்கல, பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த ஆண்டிபட்டிக்காரர் மோட்டார்ல அடிச்ச அதே வாடை. செல்லத்தாயி கதவு நிலையில சாஞ்சுக்கிட்டு, "எதுனாலயாம்?"னா. சட்டைய மாட்டிக்கிட்டு தேனிக்குக் கிளம்பிட்டேன்.

என் மேலதான் தப்புன்னு சொல்ல வரல. கடைக்காரரு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும். ஜெயபாண்டியும் கார்டு வாங்குறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பவாவும்தான், வேணாம் மாமான்னு ஒரு தடவை சொன்னா எப்பிடி? ரெண்டு தடவை சொல்ல வேணாமா? இல்ல, அது ரெண்டாவது தடவை சொல்லியிருந்தாலும்... சரி, அத விடுங்க.

உங்க காலுக்குப் பக்கத்துல ஒரு காலிப் பெட்டி இருக்கு பாருங்க. மிதிச்சுறாதீங்க. என் கார்டு வந்த பெட்டி அது. எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னா, அவ சீரத் திருப்பி அனுப்புனா உறவு போச்சு. ஆனா தாய்மாமனே நேர்ல போயி, தன் கையாலயே கழட்டி எடுத்துட்டு வந்துட்டா அது திருப்பி அனுப்புனதாகாதுல்ல? அப்பிடி ஒரு வழக்கம் உண்டான்னு எனக்குத் தெரியல. இல்லைன்னா இனிமே இருக்கட்டும். ஜெயபாண்டி கார்டு மாட்டட்டும். ரெண்டு ஃபேனு போதும். அந்த நாலு பேரு இன்னும் வேற ஆளப் பிடிக்கலைன்னு மாப்ள காலையில சொன்னாரு.

மடியில இருக்கிறதா? தேனியில மூணு கடை ஏறி இறங்கி வாங்குனது. இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற வழியில அந்தப் பாத்திரக்கடைக்காரரு பெட்டியப் பாத்துட்டாரு. "அண்ணே, பேரு வெட்டணுமா?"ன்னு உள்ள இருந்தே கூப்பிட்டாரு. வேணாம்யான்னு வந்துட்டேன்.

காளவாசல் வந்துருச்சே, அடுத்து ஆரப்பாளையம்தான். தம்பி, இறங்குறதுக்கு முன்னால ஒரு உதவி. இதுக்குத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்ததே. இந்தாங்க, அவ முதமுதல்ல என் உள்ளங்கையில வச்ச சீட்டு, சட்டைப்பையில இருந்து இருந்து கசங்கிப் போச்சு. இது பெட்டி. சீட்டுல எழுதுனதும் பெட்டியில போட்டிருக்கிறதும் ஒண்ணுதானான்னு ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. பேரு, நம்பரு, வாட்டு, எல்லாம். நான் மூணு தடவை பாத்துட்டேன். இருந்தாலும் நீங்க பாருங்க. எனக்கு இதுல அவ்வளவாத் தெரியாது.